வில்லங்கம் பார்த்தல்

பொத்தானை அழுத்திவிட்டு
இருதயசாமி சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.
"இனி பதினோரு நிமிஷம். டீ சொல்லட்டுமா?"

மஞ்சக்குப்பம்.
பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில்
பத்திர எழுத்தர் அறை.
விற்கிறவர் இரண்டு பேர், வாங்குகிறவர் ஒருவர்,
சாட்சிக்கு வந்து சலித்துப்போன மச்சான் ஒருவர்.
எல்லோரும் பார்த்திருக்க
திரையில் ஐந்து புள்ளிகள்
ஒன்றின்பின் ஒன்றாகச் சுற்றின.

கைப்பேசியில் நேரம் வைத்தேன்.
பதினொன்று இருபது.

"வாங்கின புதுசுல தட்டினா எந்திரிக்கும்மா."
எல்லோரும் சொல்வதுதான்.
வில்லங்கம் பார்க்கணும் சார், என்றேன்.
அன்று அவர் முதல் முறையாகச் சிரித்தார்.

மூடியைக் கழற்றினால்
விசிறியில் பஞ்சுபோலத் தூசி,
திருகுகளின் தலையில் உப்புத் துரு.
தேவனாம்பட்டினத்துக் காற்று
இவ்வளவு தூரம் வந்து வேலை பார்க்கிறது.

பிறகு பட்டியலைத் திறந்தேன்.
எந்திரம் கண் விழிக்கும்போதே
கூடவே எழுந்து நிற்பவர்கள் இருபத்தேழு பேர்.
பழைய இரும்புக்குப் போய்விட்ட மூன்று பிரிண்டர்களின் ஏவலாட்கள்,
இன்னும் மை இருக்கிறதா என்று கேட்டபடி.
ஒன்றையொன்று திருடன் என்று சந்தேகிக்கும்
இரண்டு வைரஸ் தடுப்புகள்.
மகள் எப்போதோ விற்றுவிட்ட போனுக்குப்
பாட்டு ஏற்றித்தர ஒன்று.
ராகுகாலம் சொல்ல ஒன்று.
அதை மட்டும் விடச் சொன்னார்.
"எனக்கில்லம்மா. கட்சிக்காரங்க கேப்பாங்க."

மற்றவர்களை உட்காரவைத்தபின்
ஆறு நாற்பது.
மச்சான் கைதட்டினார்.

டிஸ்க் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம்.
இரண்டாயிரத்து நானூறுக்குப் புதிது மாட்டினால்
எனக்கும் நானூறு நிற்கும்.
சோதித்தேன், டிஸ்க் நன்றாக இருந்தது.
நேர்மை என்று சொல்லமாட்டேன்.
அந்த மீதி நிமிஷங்கள் என்னைச் சீண்டின.

எந்திரம் தனக்குத்தானே எழுதிவைக்கும் பதிவேட்டில்
காலை ஒன்பதரைக்கு ஒரு வரி:
இசட் டிரைவ். பதில் இல்லை.
மறுபடி முயற்சி. பதில் இல்லை.
பின்னுக்குப் போகப் போக அதே வரி,
ஞாயிறு நீங்கலாக,
பதிவேடு தீரும்வரை.

"சார், கலியமூர்த்தி-பிசி யாரோடது?"

முத்திரைத்தாள் கட்டை எடுத்து
மேசையில் தட்டித் தட்டி ஓரம் சேர்த்தார்,
ஏற்கெனவே ஓரம் சேர்ந்திருந்ததை.
"பாகஸ்தர்.
மேசை, பீரோ, கட்சிக்காரங்க முதற்கொண்டு
எழுதிப் பிரிச்சோம். பதினாலு ஷரத்து.
இது விட்டுப்போச்சு."

பக்கத்து அறையில் இப்போது தையல் கடை.
அது தெரியாமல் இது தினமும் போய்க் கூப்பிட்டு,
கொஞ்சம் நின்று,
இன்னும் கொஞ்சம் நின்று,
யாரும் வராததால் வேலைக்குத் திரும்பியிருக்கிறது.

துண்டிக்கட்டுமா என்றேன்.
அவர் குரல் பத்திரத்துக்கு மாறியது:
"மேற்படி சொத்தில் இனி எனக்கோ
என் வாரிசுகளுக்கோ
யாதொரு பாத்தியதையும் பின்தொடர்ச்சியும் இல்லை.
அழுத்தும்மா."

நாற்பத்தொரு விநாடி.
டீ வருமுன் திரை வந்துவிட்டது.
கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.
கிரயப் பத்திரத்தின் முதல் வரியை
அடித்தார், அழித்தார், திரும்ப அடித்தார்.
அறுநூறு கொடுத்தார், பேரம் பேசாமல்.

பத்து நாள் கழித்து
செம்மண்டலத்திலிருந்து ஓர் அழைப்பு.
பத்திர எழுத்தராம்.
"ஒன்பது நிமிஷம் எடுக்குதும்மா.
டிஸ்க் போயிடுச்சுன்னு சொல்றாங்க."
பெயர் கேட்டேன். சொன்னார்.

கெடிலம் பாலத்தில் வண்டி ஏறும்போதே தெரியும்,
எந்தப் பெயரை அது கூப்பிட்டுக்கொண்டிருக்கும் என்று.
இருந்தாலும் போய் உட்கார்ந்து
மூடியைக் கழற்றி
முதலில் தூசியை ஊதினேன்.

"டீ சொல்லட்டுமா?" என்றார் கலியமூர்த்தி.
சொல்லுங்க சார், என்றேன்.
நேரம் இருக்கு.