பாதி பாக்கி

பிர்ர்ர்... ஹ்ம்.
அமீசி அழைப்பது இப்படி.
முதலில் நாக்கு நடுங்கும், பிறகு உதடு மூடும்.
வேறெதற்கும் இந்தச் சத்தத்தைச் செலவழிப்பதில்லையாம்,
விளையாட்டுக்குக்கூட.

தேன்காட்டி வந்துவிட்டது. மங்கிய சாம்பல் நிறம்,
பார்க்க விசேஷமாக ஒன்றுமில்லை.
கிளை விட்டுக் கிளை தாவி
பின்தங்கிய எங்களைத் திட்டிக்கொண்டே
நியாசா காட்டுக்குள் ஒரு மணி நேரம்.

பெருக்கமரப் பொந்தில் புகை போட்டு
அடைகளை இறக்கினான். முழங்கை வரை தேன்.
பிறகு பச்சை இலைகளைப் பறித்துப் பரப்பி
மெழுகை அதன்மேல் வைத்தான்,
விருந்தாளிக்கு வைப்பதுபோல் அல்ல,
கடன் தீர்ப்பவன்போல, எண்ணி.

மரோபா பார்த்துக்கொண்டு நின்றான்.
தான்சானியாவில் ஏயாசி ஏரிப் பக்கம்,
ஹட்ஸா.
அவர்கள் சீழ்க்கையடித்துத்தான் குருவியைக் கூப்பிடுவார்கள்.
"எரித்துவிடு," என்றான். "நாங்கள் எரிப்போம்,
சில்லு விடாமல் பொறுக்கி.
வயிறு நிறைந்த குருவி நாளைக்கு வராது."

சுவாஹிலியிலிருந்து யாவோவுக்கு மாற்றிச் சொன்னேன்,
'எரித்துவிடு'வை மட்டும்
கொஞ்சம் குரல் தாழ்த்தி.

அமீசி கத்தியைத் துடைத்தான்.
"ஏமாந்த குருவி அடுத்த முறை பாம்பிடம் கூட்டிப்போகும்."
"பாம்பு எங்கள் பக்கமும் உண்டு," மரோபா சிரித்தான்.
"அது இருக்கிற இடத்தில் அது இருக்கும்.
குருவிக்கு அதில் என்ன வேலை?"

பையிலிருந்து தன் ஊர்த் தேனை எடுத்தான்,
தண்ணீர் புட்டியில், கறுப்பாக.
ஆளுக்கொரு விரல் நக்கிப் பார்த்து
இது எந்தப் பூ, இது ஏன் கசக்கிறது என்று
அவரவர் மொழியில், கையால்,
என்னைத் திரும்பிப் பாராமலே பேசிக்கொண்டார்கள்.

குருவி இறங்கியது.
மெழுகைத் தின்றது, அவசரமாக,
கழுத்தைத் திருப்பித் திருப்பி.

எனக்கு இந்த வேலையில் நாள்கூலி.
பாதி அன்றன்றைக்கு. மறுபாதி
கடைசி நாள், லிசிங்காவில், கையெழுத்துப் போட்ட பிறகு.
"அப்போதுதான் நடுவில் விட்டுப் போகமாட்டாய்,"
என்றார் ஆராய்ச்சி அலுவலகத்து பெர்னார்தீனா.
நல்ல பெண்மணி.
தேநீர் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் அமீசி அழைத்தான்.
வரவில்லை.
திரும்பத் திரும்ப அழைத்தான்.
மரோபா ஒன்றும் சொல்லவில்லை,
அதைத்தான் தாங்க முடியவில்லை.

வெயில் ஏறிய பிறகு ஒரு குருவி வந்தது.
நேற்றுத் தின்றதா, தின்னாத வேறொன்றா,
இரண்டு பேருக்கும் தெரியவில்லை.
கோடரியை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

நானும் எழுந்தேன்.
பாதி பாக்கி இருக்கிறதே.