நாமினி

கோர் குவைர், எழுபத்தெட்டு.
மலையை உடைத்து சிமெண்டாக்கும் கம்பெனி.
முந்நூற்றுச் சொச்சம் ஆண்கள்.
ஒரு பெண்குரல் கிடையாது,
ரேடியோவைத் தவிர.

நான் ஸ்டோர்கீப்பர்.
கையுறை, பூட்ஸ், சோப்புக்கட்டி,
செத்தால் ஐந்து ஷீட் பிளைவுட்,
எல்லாவற்றுக்கும் ஒரே ரெஜிஸ்டர்.
பெட்டி அடிப்பவர் கரீம்தாத்.
ஆணிகளை உதட்டில் கவ்வியபடி
"லம்பா கித்னா?" என்பார்.
நான் கட்டிலைக் காட்டுவேன்.

முதலில் போனவன் திரவியம்.
பெல்ட்டில் கை சிக்கி, பின்னே தோள் சிக்கி.
நாங்கள் சுற்றி நின்றோம்.
ஒருவன் இருமினான்.
ஒருவன் வாட்சுக்குச் சாவி கொடுத்தான்.
அழத் தெரியும் எல்லோருக்கும்,
எடுத்துக்கொடுக்கத்தான் ஆளில்லை.
ஊரில் அது பொம்பளைகள் காரியம்.
நாங்கள் பாடை கட்டுவோம், பந்தல் போடுவோம்,
சாராயத்துக்குக் காசு பிரிப்போம்.

அப்போதுதான் சூசைமிக்கேல்,
ஷவல் ஓட்டுகிறவன், முட்டத்துக்காரன்,
ஸ்டோர் ஜன்னலில் தலையை நீட்டி
"அந்தப் பைலைக் கொஞ்சம் எடும்" என்றான்.
"நாமினி யாருன்னு போட்டிருக்கு?"

வாசித்தேன்.
பெயர் பொன்னுருவி. உறவு மனைவி. வயது பத்தொன்பது.

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டான்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை,
ஜெனரேட்டர் சத்தம் மட்டும்.
பிறகு பத்தொன்பது வயதில் அழுதான்.

    கப்பல்ல போனீரே, கடுதாசி போட்டீரே,
    பொட்டியில வாரீரே, பூட்ட யாரு தொறப்பா

என்று ஆரம்பித்து
மாமியார் கொடுமை வரைக்கும் போனான்.
பாதிப்பேர் சிகரெட் பற்றவைக்க வெளியே போனோம்,
வெட்கம்.
மீதிப்பேர் உட்கார்ந்துவிட்டார்கள்.

அதன்பின் அது வழக்கமாயிற்று.
காத்தமுத்துவுக்கு நாமினி அம்மா.
கிழவியாகிக் குரல் உடைந்து அழுதான்.
பாறை விழுந்த நல்லகுத்தாலத்துக்கு அக்கா.
அக்காவாக அழுதபோது
நெஞ்சில் அடித்துக்கொள்ளவில்லை,
தொடையில் அடித்துக்கொண்டான்.
அதெப்படித் தெரியும் என்று கேட்டதற்கு
"அக்கான்னா அப்படித்தான்" என்றான்.

சம்சுகனி காய்ச்சலில் மவுத்தானபோது மட்டும்
அவர் மச்சான் கையமர்த்தினார்.
அசருக்கு முன்னால் அடக்கம்,
இங்கேயே, மணல்மேட்டுக்குப் பின்னால்.
அன்று சூசைமிக்கேல்
ஷவலை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான்.
கண்ணாடியெல்லாம் தூசி.
என்ன செய்தானென்று தெரியாது.

பெட்டி ஊர் போய்ச்சேர இருபது நாள்,
சமயத்தில் நாற்பது.
தந்தி முந்திப் போகும், அல்லது போகாது.
ஆக, பொன்னுருவிக்குச் சேதி தெரியுமுன்னே
பொன்னுருவி அழுது முடித்திருந்தாள் இங்கே.
அதை யோசித்தால் எனக்கு ஒருமாதிரி இருக்கும்.
ரெஜிஸ்டரை மூடிவிடுவேன்.

எண்பத்திரண்டு, ரமலானுக்கு முந்தின வாரம்,
மூன்றாம் மேட்டில் ஷவல் சரிந்தது.

கரீம்தாத் அளவு கேட்கவில்லை.
அவருக்குத் தெரிந்திருந்தது.

பைலை எடுத்தேன்.
பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு.
உறவு என்ற இடத்தில் இன்னொரு கோடு.
ஸ்கேல் வைத்துப் போட்ட நேர்க்கோடு.
போட்டது என் கைதான்.
அவன் சொல்ல நான் நிரப்பிய பாரம்.
என்ன சொன்னானென்று நினைவில்லை,
அன்றைக்கு நாற்பது பாரம்.

"யாரா அழணும்?" என்றான் புதுப்பையன் ஒருவன்.
யாரும் சிரிக்கவில்லை.
துண்டு ஒன்று கைமாறிக் கைமாறி
என்னிடம் வந்து நின்றது.
போட்டுக்கொண்டேன்.
உள்ளே இருட்டு, சோப்பு வாசனை,
நான் கொடுத்த சோப்புதான்.
வாயைத் திறந்தேன்.
"ஷவல் ஆப்பரேட்டர்" என்று வந்தது.
"பேட்ஜ் நம்பர் இருநூற்றுப் பதினேழு" என்று வந்தது.
வேறொன்றும் வராததால்
அதையே இழுத்தேன்.

தண்ணி லாரி ஹாரன் அடித்தது.
வாரம் ஒருதரம் வருவது.
கேனைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள்.
துண்டை எடுத்துப் பார்க்கும்போது
அவன் கேனையும் யாரோ நிறைத்துக் கொண்டுவந்து
பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்,
மூடியை இறுக்கி.