அடியில் இருந்தது

அதிகாலை மூன்றுக்கு டைமர் விழும்.
ஹெல்துரின் பேக்கரியில்
மாவு பிசையும் எந்திரம், அடுப்பு, கணினி
எல்லாம் ஒரே சொடுக்கில் எழும்.
மின்கட்டணம் மிச்சம் என்பார்.
ஹீயுமா தீவில், ஜனவரியில்,
அதற்கு மறுபேச்சு கிடையாது.

கணினி பதினோரு விநாடியில் விழித்துவிடும்.
சுவிட்சுக்கு நாற்பது வேண்டும், குளிரில் இன்னும் கூட.
விழித்தது நேரே ஓடும்,
துறைமுகக் கிட்டங்கியில் இருக்கும் சர்வரின் கதவுக்கு.
சாலையே இன்னும் போட்டாகவில்லை.
வலையமைப்பை எட்ட முடியவில்லை என்று
லாகில் ஒரு வரி எழுதிவிட்டு
அந்தப் பேச்சையே விட்டுவிடும்,
இரண்டாம் முறை கேட்க மாட்டாத ரோஷக்காரன்.

பகலில் நான் போவேன்.
கையால் கட்டளை கொடுத்தால் உடனே இணையும்.
மருத்துவரைக் கண்டதும் ஒளிந்துகொள்ளும் பல்வலி.
கடவுச்சொல்லை மாற்றினேன்.
பெயரை எடுத்துவிட்டு எண் முகவரி கொடுத்தேன்.
கேபிளை மாற்றினேன், நீலம் போய் மஞ்சள் வந்தது.
முப்பது விநாடி தூங்கு என்றுகூட எழுதிவைத்தேன்,
சக தொழிலாளி யாருக்கும் காட்டக்கூடாத வரி.
சில நாள் பலித்தது.

கடைசியில், தற்காலிகமாக,
திரையில் ஒரு பொத்தான்: 'இணை'.
பட்டியல் வராவிட்டால் இதை அழுத்துங்கள் என்றேன்.
தற்காலிகம் ஏழு வாரம் நின்றது.

பிப்ரவரியில் லெய்தா கடைக்கு வந்தார்.
அண்ணன் அடக்கத்துக்குப்
பன்னிரண்டு கறுப்பு ரொட்டி சொல்லியிருந்தாராம்,
இரவில், தொலைபேசிப் பதிவில்.
ஹெல்துர் திரையைத் திருப்பிக் காட்டினார்.
இல்லை.
"துக்கத்தில் மறந்திருப்பீர்கள்" என்றார், மென்மையாகத்தான்.
அந்த மென்மைதான் சுட்டிருக்க வேண்டும்.
அன்று சூப்பர்மார்க்கெட்டில்
பிளாஸ்டிக் உறையில் நறுக்கி வைத்ததை வாங்கிப்
பந்தி நடத்தினார்களாம்.

நேற்று நானே மூன்று மணிக்குப் போய்
இருட்டில் நின்றேன்.
பதினோராம் விநாடி, திரை வந்தது.
சுவிட்சில் ஒற்றை ஆரஞ்சு விளக்கு, சிமிட்டாமல்.
இருபது. முப்பது. நாற்பத்தாறில் பச்சை.
அவ்வளவுதான் நோய்.
அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு.

மருந்தும் சிறிது.
வலை வரும்வரை பொறு.
யாராவது கோப்புறையைத் திறக்கும்போது இணை.

சோதித்துப் பார்க்கப் பிணைப்பை அவிழ்த்தேன்.
அவிழ்த்தால் காலியாய்க் கிடக்கவேண்டிய கோப்புறை
காலியாய் இல்லை.

ஒன்பது விடியல்கள் அதில் இருந்தன.
பெரும்பாலும் முதலில் பொத்தானை அழுத்துவார் ஹெல்துர்.
அரைத் தூக்கத்தில் மறந்த ஒன்பது நாள்,
வெற்றுக் கோப்புறையிலேயே தட்டிவிட்டு
அப்புறம் அழுத்தியிருக்கிறார்.
சர்வர் வந்து அதன்மேல் உட்கார்ந்தது,
எழுதிய பலகைமேல் விரித்த துணியாக.
எதுவும் அழியவில்லை.
எதுவும் தெரியவில்லை.

ஆறாம் தேதி, மூன்று நாற்பத்தொன்று,
இரண்டு விரல் தட்டச்சின் பிழைகளோடு:
லெய்தா. கருபு 12. வியாழன். அடக்கம்.

ஹெல்துர் மாவுக் கையை ஏப்ரனில் துடைத்தார்.
மறுபடி துடைத்தார்.
யாருடைய தப்பு என்று அவர் கேட்கவில்லை.
பொத்தான் என்னுடையது.

லெய்தா வீட்டுக்கு முழங்கால் பனியில் நடந்தேன்.
"எங்கே இருந்தது?"
"அடியில். நாங்கள்தான்
மேலே ஒன்றை வைத்து மூடியிருந்தோம்."

நெடுநேரம் சன்னலுக்கு வெளியே பார்த்தார்.
பிறகு கேட்டார்,
"பன்னிரண்டு என்றுதானே எழுதியிருக்கிறது?"
பன்னிரண்டு.
"அப்படியானால் நான் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன்."

காபி ஊற்றினார்.
கூட எதுவும் வைக்கவில்லை.