ஒரே மாதிரியா, வேற வேறயா

சூரமங்கலம் பள்ளியில் பதினோரு வருடம்
சிவப்பு மையில் ழகரம் போட்டுத் திருத்தியவன் நான்.
வாளைப்பளம் என்று எழுதிய தாள்களின் ஓரத்தில்
அரை மதிப்பெண் கழித்தவன்.
எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று
வாக்கியங்களைக் கரும்பலகையில்
கோழி உரிப்பதுபோல் உரித்தவன்.

அஞ்சல் வழியில் மொழியியல் எடுத்தேன்.
சம்பள உயர்வுக்குத்தான், வேறென்ன.
முதல் பாடப் பொட்டலத்தைப் பிரித்த அன்றே தூக்கம் போயிற்று:
சரி என்று சொல்லாதே, தவறு என்றும் சொல்லாதே.
கேள், எழுது, அடுக்கு.
அவ்வளவுதானாம்.

செவ்வாய்ப்பேட்டைத் தள்ளுவண்டி ஓரமாய்
தட்டுவடை செட் தின்றபடி யோசித்தேன்.
கீழே ஒரு தட்டு, சட்னி, துருவிய பீட்ரூட்,
வெங்காயம், மேலே ஒரு தட்டு.
வரிசை குலைந்தால் முழங்கை வரை ஒழுகும்.
தட்டை எடுத்துவிட்டு முறுக்கை வைத்தால்
வேறு பெயர், வேறு விலை.
சிவப்புச் சட்னியைப் பச்சையாக்கினால்
அதே செட்தான், அதே விலைதான்.
எந்த மாற்றம் மாற்றம், எது இல்லை என்பது
வண்டிக்காரர் தங்கமுத்துவுக்கு எப்போதோ தெரியும்.
எனக்கு நாற்பத்தோரு வயதாக வேண்டியிருந்தது.

களப்பணிக்கு ஏற்காடு பஸ்.
இருபது கொண்டை ஊசி வளைவு.
எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் இருப்பதாலேயே
அது ஒன்பது.
தனியாகப் பார்த்தால்
ஒரு பாறை, ஒரு குரங்கு,
ஜன்னலில் வாந்தி எடுக்கும் பையன்.

வாழவந்தியில் இறங்கினேன்.
ஊர்ப்பெயரைப் பகுபத உறுப்புகளாய்ப் பிரிக்கப் போய்
'வந்தி'யில் வழுக்கி விழுந்தேன்.
காப்பிக் கொட்டை காயும் களத்தில்
மிளகு உதிர்த்தபடி உட்கார்ந்திருந்தாள் வெள்ளச்சி.
டேப் ரிக்கார்டரை அழுத்தினேன்.

புலி, புளி. ஒரே மாதிரியா, வேற வேறயா?
'ஒண்ணு நம்மளத் திங்கும், ஒண்ண நாம திம்போம்.'
வேறு, என்று குறித்துக்கொண்டேன்.
கிளி, கிழி?
'ஒண்ணயே ரெண்டு தடவ சொல்றயே.'
நாக்கை மடித்து, மேலே தூக்கி,
கி...ழி என்று காட்டினேன்.
பல் டாக்டர் மாதிரி
என் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.
'கிளி பறக்குது, துணி கிளியுது.
இதுல உனக்கு என்ன கஷ்டம்?'

சட்டைப் பையில் சிவப்புப் பேனா
எறும்பு போல் ஊர்ந்தது.
கையை அங்கே கொண்டுபோகவில்லை.

ராத்திரி லாட்ஜில் கேசட்டைத் திருப்பிக் கேட்டேன்.
என் கேள்வி, அவள் சிரிப்பு, ஒரு சேவல்.
திடீரென்று யாரோ ஒருவன் கத்துகிறான்:
'மள வருது, மள வருது, காப்பிய அள்ளுங்க!'
யாரென்று ரீவைண்ட் செய்தேன்.
மறுபடி. மறுபடி.
மூன்றாம் முறை பேட்டரி இழுத்து
குரல் கரகரத்தபோது
சந்தேகமில்லை,
நான்.

முப்பத்து நாலரையில் நின்றுபோன அங்கப்பா,
உனக்கு எந்த வாய்பாட்டில் பதில் சொல்ல?

புதுப் பாடமும் என்னைக் காப்பாற்றவில்லை.
அட்டவணையில் ஒலிக்குக் கட்டம் உண்டு, வருமிடத்துக்கு உண்டு.
தார்ப்பாயின் ஒரு முனையை அவளும் மறுமுனையை நானும்
இழுத்துப் பிடித்து ஓடியபோது
இருவருக்கும் ஒரே கணத்தில் புரிந்த அந்தச் சொல்லை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?
'மள' என்று எழுதினேன்.
பக்கத்தில், பழக்கதோஷம், 'மழை'.
இரண்டையும் அடிக்கவில்லை.

திங்கட்கிழமை ஆறாம் வகுப்பு.
வாளைப்பளம் மறுபடி வரும்.
பேனாவில் மை இருக்கிறது.
ழகரம் அழகுதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.
என்ன செய்வேன் என்றுதான் தெரியவில்லை.

பஸ் இறங்குகிறது.
இப்போது பத்துக்குப் பிறகு ஒன்பது.
அதே பாறை.
குரங்கைக் காணோம்.