எனக்குப் பதில் வந்த பெட்டி

ஹேஸல் ஓட்லிங் என்பதுதான் அவள் பெயர்.
கிரிம்ஸ்பியில், மீனை உறையவைக்கும் ஆலையில்
இரண்டாம் ஷிப்ட்.
ரப்பர் கையுறையை உதறிப் போட்டுவிட்டு
நேரே ஒத்திகைக்கு வருவாள்.
மைக்கில்கூட காட் மீனின் வாடை.
நாங்கள் யாரும் சொல்லமாட்டோம்.

நான் ராய்ஸ்டன் கிளீவ். டிரம்ஸ்.
ஒத்துக்கொள்கிறேன்,
நான்காவது பாட்டுக்குள் வேகம் பிடித்துவிடும் எனக்கு.
அவள் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள்.
கடிவாளம் அது.

எழுபத்தொன்பதில் லண்டன்.
சாம்பல் நிற சூட் போட்ட கம்பெனிக்காரன்
அவள் பெயரை வாயில் போட்டு மென்றுபார்த்தான்.
ருசிக்கவில்லை.
வெரா வோல்ட் என்று எழுதி நீட்டினான்.
புருவத்தை மழித்து
அரை அங்குலம் மேலே வரைந்தார்கள்.
அன்றிலிருந்து
எதையோ கேட்டுத் திடுக்கிட்டவள் போலவே இருந்தாள்.

அப்புறம் அந்தப் பெட்டி.
ரொட்டி டப்பா அளவு, பதினாறு பொத்தான்கள்.
குடிக்காது. வேகம் பிடிக்காது.
வேனில் கால் நீட்ட இடம் கேட்காது.
தயாரிப்பாளர் அதைப் பூனையைப் போலத் தடவிக்கொடுத்தார்.
எனக்கு ரயில் டிக்கெட், போவதற்கு மட்டும்.
வழியனுப்ப அவள் வரவில்லை.
போட்டோ பிடிக்கிறார்களாம்,
புருவம் இன்னும் காயவில்லையாம்.

எண்பத்தொன்று, அக்டோபர்.
அந்தப் பாட்டு ஏழாவது இடம்.
டிவியில் உதட்டை மட்டும் அசைத்தாள்.
பின்னால் பெட்டி,
தனிப் பீடத்தில், தனி வெளிச்சத்தில்,
பட்டாபிஷேகம் ஆனதுபோல.
சோபாவில் என் பக்கத்தில் இருந்த அம்மா
திரையில் என்னைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மற்றதெல்லாம் நான் பேப்பரில் படித்தது.
ஒசாகாவில் அவளைப் போலவே
முடிவெட்டிக்கொண்ட பெண்கள்.
இரண்டாவது ஆல்பம் நாற்பத்தாறு.
மூன்றாவதை யாரும் எண்ணவில்லை.
பிறகு ஒரு தரைவிரிப்பு விளம்பரம், அதே மெட்டு,
காதலன் வந்த இடத்தில் கம்பளி.
பிறகு லிங்கனில் பல் மருத்துவர் ஒருவரின்
வரவேற்பு மேசை.
சட்டைப் பையில் குத்திய அட்டையில்
மறுபடி ஹேஸல்.

நான் பேருந்து ஓட்டினேன், இருபத்தாறு வருடம்.
ரேடியோவில் அது வந்தால் அணைத்ததில்லை.
மழை நாளில் வைப்பர்
பெட்டியைவிட ஒரு மயிரிழை பிந்தி அடிக்கும்.
அந்த மயிரிழை எனக்குப் பிடிக்கும்.

போன நவம்பரில் ஃபோன்.
ஸ்கெக்னஸ் விடுமுறை முகாமில்
எண்பதுகளின் வார இறுதி.
"பெட்டி செத்துப்போச்சு, ராய்.
பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்துக் கிடக்கு.
லேப்டாப் வேண்டாம்.
நாலு நிமிஷம்
வேகம் பிடிக்காமல் இருப்பியா?"

இருந்தேன்.
என் வயிற்றில் அடித்த ஒன்றைப் போலவே
அறுபத்தேழு வயதுக் கையால்
அச்சு மாறாமல் அடித்தேன்.
அவள் இரண்டு கட்டை இறக்கிப் பாடினாள்.
முழங்கால் விட்ட மட்டும் ஆடினார்கள் எல்லோரும்.
பெட்டி இல்லை என்பது
ஒருவருக்கும் தெரியவில்லை.
இதற்குச் சந்தோஷப்படுவதா என்று
அடித்துக்கொண்டே யோசித்தேன்.

கடைசிப் பல்லவிக்கு முன் அவள் திரும்பினாள்.
வரையாத புருவம், நரைத்தது, தானாக வளர்ந்தது.
கடிவாளம் என்றுதான் நினைத்தேன்.
இடக்கையை லேசாக விசிறினாள்:
போ.

மூன்று நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி என்று
இசைத்தட்டில் அச்சிட்டிருக்கும்.
அன்று பதினொரு வினாடி முன்னதாகவே
முடிந்துவிட்டது.