புதுத் தந்தி

கொரின் கேட்டது ஏழு நிமிடம்.
பேச்சில்லாத படம்.
நீடாவுக்கு அப்பால் மதகு திறக்கிறார்கள்,
பீல் ஏரி ஒரு விரற்கடை இறங்குகிறது.
அவ்வளவுதான் கதை.
"இசையும் இறங்க வேண்டும்" என்றாள்.
"ஆனால் யாருக்கும் தெரியக் கூடாது."

என்னிடம் இருந்தது ஓர் உகுலேலே.
நான்கு தந்தி: ப ஸ க த.
வாய்விட்டுச் சொன்னால்
யாரோ பாதியில் விழுங்கிய சொல் போலிருக்கும்.
முதலில் நிற்பதால் ப-தான் தாழ்ந்தது என்று
நினைத்துவிடாதீர்கள்.
அது ஸ-வுக்கு மேலே.
உயரப்படி நிறுத்திய வரிசையில்
முன்னால் வந்து நின்றுகொண்ட நெட்டையன்.

மெட்டு இறங்கி இறங்கி ஸ-வைத் தொடும்.
அதற்குக் கீழே படி கிடையாது.
காலை வைத்தால்
மொட்டை மாடியில் நிற்பேன்.
இரண்டு வாரம் இப்படியே சமாளித்தேன்.
கேட்டுவிட்டுக் கொரின் சொன்னாள்:
"தண்ணீர் ஏன் துள்ளுகிறது?"

மேல் ப-வைக் கழற்றிவிட்டு
கீழ் ப-வைக் கட்டலாம்.
இந்த ஊரில் அது துரோகமில்லை.
இங்கே தெருப் பலகை ஒவ்வொன்றிலும் இரண்டு பெயர்,
ஜெர்மனில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று.
தெரு என்னவோ ஒன்றுதான்.

உலோகம் சுற்றிய தந்தி வாங்கினேன்.
ஆழம் வந்தது,
கூடவே கீச்சென்று ஒரு சத்தம்,
விரல் நகரும்போதெல்லாம்
ஈரச் செருப்போடு யாரோ பின்னால் வருவது போல.
மற்ற மூன்றும் அதைக் கண்டு ஒதுங்கின.

பிறகு தூண்டில் கடை.
ஃப்ளோரோகார்பன் நரம்பு, நான்கு தடிப்பில்,
மிகத் தடித்தது 0.91 மில்லிமீட்டர்.
"இவ்வளவு தடிப்பா? எந்த மீனுக்கு?"
என்றார் திரு. ட்ஷான்ஸ்.
என் ஜெர்மன் வேலை செய்யும் அளவுக்கு வரும்,
பொய் சொல்லும் அளவுக்கு வராது.
"ஒரு சுரத்துக்கு" என்றேன்.
ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டர் வெட்டி
காசு வேண்டாம் என்றார்.
மீன்பிடிக்கிறவர்களிடம்
இதைவிடப் பெரிதாகக் கேட்டுப் பழகியவர்.

அன்றிரவு த-வையும் தளர்த்தி ப ஆக்கினேன்.
ப ஸ க ப.
இரு முனையிலும் ஒரே எழுத்து,
ஒன்று ஏரியின் அடியில், ஒன்று மேல்பரப்பில்.
எந்தத் தந்தியை எங்கே தொட்டாலும்
விரலே வைக்காத ஒரு தந்தி
தானாக அதிர்ந்தது.
நான் எழுதியிருந்த மெட்டில் பாதியை
அங்கேயே அடித்துவிட்டேன்.
மிச்சத்தைத் தந்திகளே வாசித்தன.

ஆனால் புதுத் தந்தி சொன்ன இடத்தில் நிற்காது.
இரண்டு மூன்று நாளாவது இழுபட்டு
முடிச்சு இறுகி
அலுத்துப்போக வேண்டும்.
கொரினுக்கோ காலையில் வேண்டும்.
பத்து மணி தாண்டினால்
கீழ்வீட்டுத் திருமதி வுய்யுமியே
துடைப்பக்கட்டையால் கூரையைத் தட்டுவார்;
அவருடைய தாளமும் சரியில்லை.
ஒன்பது நாற்பதுக்குச் சுருதி சேர்த்து
ஒரே மூச்சில் வாசித்தேன்.

திரும்பக் கேட்டபோதுதான் உறைத்தது.
தொடக்கத்து ப-வும் முடிவின் ப-வும்
ஒரே இடத்தில் இல்லை.
அரைச் சுரத்தில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாக,
நான்கும் கூடிப் பேசிக்கொண்டு
சரிந்திருந்தன.
வாசித்த கைக்குத் தெரியவில்லை.
காதும் அவற்றோடு சேர்ந்தே இறங்கிவிட்டிருக்கிறது.

அழிக்கத்தான் போனேன்.
படத்தோடு ஒருமுறை ஓட்டினேன், சும்மா.
ஐந்தாம் நிமிடத்தில்
படகுத்துறைக் கம்பத்தில்
ஈரக் கோடு ஒன்று வெளிப்பட்டது.

கொரின் பார்த்துவிட்டு
மதகின் சத்தத்தை இன்னும் குறைத்தாள்.
வேறெதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை தந்தியைத் தட்டிப் பார்த்தேன்.
இன்னும் ஒரு மயிரிழை இறங்கியிருந்தது.
முறுக்காணியைத் தொடவில்லை.
படம் முடிந்துவிட்டதென்று
அதனிடம் யார் சொல்வது.