டிக்கியில் ஒரு போர்வை

எல்லார் போனிலும் ஒரே நேரத்தில் செய்தி விழுந்தது.
நான்கு மாதம் அவகாசம்.
பெயர் கேட்க மாட்டார்கள்,
வைத்துவிட்டுப் போகலாம்.
அதற்குப் பிறகு அகப்பட்டால் ஜெயில்.

அன்றிரவு ஜஹ்ராவில், திவானியாவில்,
தேநீர் ஆறி ஏடு கட்டியது.
வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்று
எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில் கேட்டேன்.

சின்னவர் முத்லக் கத்தினார்:
"ஈராக்காரன் வந்த அந்த ஏழு மாதம்
சட்டம் எங்கே இருந்தது?
தாயிஃபில், ஓட்டல் அறையில்.
இந்த இரண்டும் இங்கே இருந்தன,
மாவு மூட்டைக்குள், எங்களோடு."

பெரியவர் அபூ மிஷாரி
ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.
போன குளிரில் நடந்த கல்யாணத்தில்
வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள்.
மேலே போனது எங்காவது இறங்கத்தானே வேண்டும்.
அடுத்த தெரு மாடியில்
துணி காயப்போட்ட கடப்பாக்காரி
ரமணம்மாவின் தோளில் இறங்கியது.
தூக்க முடியாத கையோடு ஊர் போய்ச் சேர்ந்தாள்.
சுட்டது யாரென்று யாருக்கும் தெரியாது,
அதாவது, எல்லாருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை, "ராஜு, வண்டியை எடு" என்றார்.
(என் பெயர் சேவுகப்பெருமாள்.
ராஜுவாகிப் பதினோரு வருடம்.)
டிக்கியில் போர்வை, போர்வைக்குள் அது.
முதல்முறையாக முன்சீட்டில்
என் பக்கத்தில் உட்கார்ந்தார்.
செக்போஸ்டில் அவருக்கு சலாம்,
எனக்கு மட்டும், "சிவில் ஐடி."
எடுத்துக் கொடுத்த விரல்கள்
என் பேச்சைக் கேட்கவில்லை.

ஸ்டேஷனில் நீள மேஜை.
மீன் ஏலம் மாதிரி வரிசையாகக் கிடந்தன.
ஒரு பையன் போலீஸ் தூக்கிப் பார்த்து,
"பழசு" என்று ஓரமாகப் போட்டான்.
அபூ மிஷாரி ரசீது கேட்டார்.
"பெயரே கேட்காததற்கு
என்ன ரசீது, மாமா?"
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்,
சாவியை மறந்தவர் போல.

திரும்பும்போது, ஆறாவது ரிங் ரோட்டில்,
"முத்லக் தன்னுடையதைப் புதைத்துவிட்டான்,"
சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.
"இடம் உனக்குத் தெரியும்."

தெரியும்.
செவ்வாய் ராத்திரி
ஒட்டகப் பட்டிக்குப் பின்னால்
குழி வெட்டியவன் நான்தான்.
மண்வெட்டிக் கொப்புளம்
ஸ்டியரிங்கில் எரிந்துகொண்டிருந்தது.
ஏசி சரியாக இல்லை என்றேன்.
ஆமாம் என்றார்.

வீட்டில் அந்த இரும்பு அலமாரியைத் திறந்து
வெகுநேரம் பார்த்தார்.
துப்பாக்கி படுத்திருந்த தட்டில்
எண்ணெய்க் கறை, நீளமாக.
கீழ்த்தட்டில், ரப்பர் பேண்டு போட்டு,
என் பாஸ்போர்ட்.
அதற்கு யாரும் அவகாசம் அறிவிக்கவில்லை.

அலமாரியைப் பூட்டினார்.
போர்வையை நீயே வைத்துக்கொள் என்றார்.
மூன்று தடவை துவைத்துவிட்டேன்,
இன்னும் நாறுகிறது.